தங்கபுஷ்பத்தின் மகன் தலைக்கட்டான கதை

உபகாரம் செய்கிறேன் என்று யாராவது வந்தால் நான் எட்டி நின்றுகொள்வேன். இந்த வயதில் இப்படி ஒரு புத்தியா என்று என் வீட்டுக்காரி சுல்தான் பீவியே கேலி செய்வாள். தங்கபுஷ்பத்துக்கு நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு வேறு எந்தப் புத்தி வரும்?

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற பாதையில் சீசனுக்குச் சீசன் எனக்குத் துண்டு வியாபாரம். கடையநல்லூரில் நெய்கிற துண்டுகளைக் கட்டித் தூக்கிவந்து, சாரல் நிற்கிற வரைக்கும் அங்கேதான் கிடப்பேன். அருவியிலிருந்து நடுங்கிக்கொண்டு வருகிறவன் விலை பேசமாட்டான். என் பிழைப்பு அப்படி. எனக்குப் பக்கத்துக் கொட்டகை தங்கபுஷ்பத்தினுடையது. நல்லெண்ணெயும் சீயக்காயும் விற்பாள். குளிக்க வருகிறவர்கள் அவளிடம் எண்ணெய் வாங்கித் தேய்த்துக்கொண்டு, சட்டை, கைக்கடிகாரம், பை எல்லாவற்றையும் அவளிடமே ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். ஒரு பொத்தான் காணாமல் போனதில்லை.

ஆளைப் பார்த்ததும் எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று அவளே சொல்லிவிடுவாள். வழுக்கைத் தலை வக்கீல் ஒருவர் பெரிய கிண்ணம் நிறையக் கேட்டபோது, “உங்களுக்கு எதுக்குய்யா அம்புட்டு? பிடிச்சு நிக்க அங்கன ஒண்ணுமில்லையே” என்றாள். அவரும் சிரித்துவிட்டார். ஆனால் காசு விஷயத்தில் கறார். எண்ணெய் வாங்கினால் சீயக்காய் இனாம் என்று மற்ற கடைகளில் கொடுப்பார்கள். இவள் கொடுக்கமாட்டாள். “குத்தாலநாதரே ஈரத்தலையோட வந்து நின்னாலும் சீயக்காய்க்குக் காசுதான்” என்பாள். சீசன் முடிந்தால் தென்காசியில் வீடு வீடாக எண்ணெய் சுமப்பாள். எல்லாம் ஒரே மகன் குத்தாலிங்கத்துக்காக.

அவள் புருஷன் தென்காசியில் சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பையன் நாலாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார். அவர்கள் ஜனத்துக்குள் உறவின்முறை என்று ஓர் ஏற்பாடு உண்டு. கல்யாணமான ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வருஷ வரி. அதுபோக, விற்கிற சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் நடத்துவார்கள், கோயில் கொடைத் திருவிழா நடத்துவார்கள், காலேஜில் படிக்கிற பையன்களுக்கு உபகாரச் சம்பளமும் கொடுப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஊரில் இப்படி ஒன்று இல்லையே என்று பொறாமைப்பட்டவன் நான்.

புருஷன் இறந்து பதினாறாம் நாள் விசேஷத்துக்கு உறவின்முறைப் பெரியவர்கள் வந்தார்கள். “தாயி, இனிமே இந்த வீட்டுக்கு வரி கிடையாது. கைம்பெண் வீட்டுல கை நீட்டுற வழக்கம் நம்மகிட்ட இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தங்கபுஷ்பம் கையெடுத்துக் கும்பிட்டாளாம். என்னிடம் சொல்லும்போதுகூட அவள் கண் நிறைந்தது. எனக்கும்தான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் குத்தாலிங்கம் எஸ்.எஸ்.எல்.சி. தேறினான். அப்பா சாவில் ஒரு வருஷம் விட்டுப்போனதால் பதினெட்டு முடிந்திருந்தது. கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல். அதிகம் பேசமாட்டான். கொட்டகையில் உட்கார்ந்து சீயக்காய் மடிக்கிற தாள்களின் ஓரத்தில் எதையாவது கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். அவனுடைய கணக்கு வாத்தியார் அருவிக்கு வந்தவர், “இவனைக் காலேஜுக்கு அனுப்பாம இருந்துராதீங்க. என்ஜினியருக்குப் போகிற தலை இது” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது அப்படியே தங்கபுஷ்பத்தின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

பையனுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, வாத்தியார் ட்ரெயினிங். அதற்குச் சம்பளம் கட்ட வேண்டாம், சர்க்காரே மாதாமாதம் சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்கும். அவன் விண்ணப்பம் போட்டு, நேரில் போய் வந்து, இடமும் கிடைத்துவிட்டது. இன்னொன்று, பாளையங்கோட்டையில் காலேஜ். பி.யு.சி. என்கிற புகுமுக வகுப்பில் இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் காலேஜுச் சம்பளத்துக்கும் ஹாஸ்டலுக்கும் எண்ணெய் விற்ற காசு எந்த மூலைக்கு? உறவின்முறை உபகாரச் சம்பளம் கிடைத்தால் காலேஜ். கிடைக்காவிட்டால் ட்ரெயினிங். மார்க்கு எழுதிக் கொடுத்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் ஒன்றுதான். அதை எங்கே கொடுக்கிறானோ அங்கேதான் படிப்பு.

“எதுனாலும் சரிம்மா. வாத்தியார் வேலையும் நல்ல வேலைதானே” என்றான் குத்தாலிங்கம்.

“நீ சும்மா கிடலே. என்ஜினியர் தலைய வச்சுக்கிட்டு ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுக்கப் போறியாக்கும்” என்றாள் அவள்.

அந்த வருஷம் உறவின்முறைக்கு முறைகாரராக, அதாவது வரவு செலவு பார்க்கிற தலைவராக, இருந்தவர் பிச்சைமணி. தென்காசியில் அரிசிக் கடை. கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவள் ஏசிவிட்டாவது வந்திருப்பாள். அவர் கடை வாசலில் போய் நின்றாள். அவர் ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லி, மோர் வாங்கிக் கொடுத்து, விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“உபகாரச் சம்பளம் தலைக்கட்டு வரி கட்டுத வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அம்மாடி. உன் வீடு வரியில இல்லையே.”

“கட்டுதேன் அண்ணாச்சி. விட்டுப்போன வருசத்துக்கெல்லாம் சேத்தே கட்டுதேன். வரி வேண்டாம்னு சொன்னது நீங்கதானே, நானா மாட்டேன்னேன்?”

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாராம். “கைம்பெண்கிட்ட வரி வாங்கின பாவம் எனக்கு எதுக்கு? அப்படி ஒரு வழக்கத்தை நான் முறைகாரனா இருக்கையில கொண்டுவரணுமா?”

கொடுக்க வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்ன அதே இரக்கம்தான் இன்றைக்கு வாங்கவும் முடியாது என்று கதவைச் சாத்தியது. அவள் போகவில்லை. வாசலிலேயே நின்றாள். அவருக்கும் மனசு கேட்கவில்லை. எடை போட்டுக்கொண்டே, “உன் மவன் ஒரு தலைக்கட்டு ஆகட்டும், அப்புறம் பாப்போம்” என்றார். போகிற போக்கில், ஒருத்தியை அனுப்பி வைப்பதற்காகச் சொன்னது.

அதைப் பிடித்துக்கொண்டாள் தங்கபுஷ்பம்.

மறுநாள் கொட்டகையில் அவள் எண்ணெய்க்கு அளவே பார்க்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கூட ஊற்றினாள். கூட்டம் குறைந்ததும் என்னிடம் வந்து, “அண்ணே, குத்தாலிங்கத்துக்குக் கல்யாணம் வைக்கப் போறேன்” என்றாள்.

மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தேன். காலேஜுக்கு அனுப்புகிறேன் என்றவள் கல்யாணம் என்கிறாளே என்று பார்த்தேன். கல்யாணம் முடிந்தால் அவன் தலைக்கட்டு. தலைக்கட்டு ஆனால் வரி. வரி கட்டினால் உபகாரச் சம்பளம். விரல் விட்டு எனக்கு விளக்கினாள். புளியங்குடியில் எலுமிச்சங்காய் கமிஷன் கடையில் இருக்கிற அவள் தம்பி அய்யாக்குட்டிக்கு ஒரு மகள், ஆவுடையம்மாள். முறைப்பெண். எப்படியும் அவனுக்குத்தான் அவள். நாளைக்கு நடக்கிறது இன்றைக்கு நடக்கட்டுமே என்றாள்.

“தங்கச்சி, ட்ரெயினிங் கையில இருக்கு. இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போகாதே. முதல்ல அவருகிட்ட போயி நல்லாக் கேட்டுக்கோ” என்றேன்.

“கேட்டாச்சு அண்ணே. அவுக வாயாலதான் சொன்னாக. திரும்பத் திரும்பப் போயி நின்னா, நம்பலையான்னு கோவப்பட்டுருவாக.”

அங்கேதான் தப்பு நடந்தது. பெரிய மனிதர் வாக்கை இரண்டாம் முறை கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவள் அவள். அவரும் தன் பேச்சை ஒரு பெண் வாக்காக எடுத்துக்கொண்டு போனாள் என்று அறியமாட்டார்.

ஆடி பிறந்தால் கல்யாணம் கூடாது. ஆனியில் மிச்சமிருந்த ஒரே முகூர்த்தத்தைப் பிடித்தார்கள். ட்ரெயினிங்கில் சேர வேண்டிய நாளும் அதே வாரத்தில் வந்தது. அன்றைக்குக் குத்தாலிங்கம் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, “ஒரு எட்டு போயிச் சேந்துட்டு வந்துரட்டுமாம்மா? கல்யாணத்துக்கு லீவு கேட்டுக்கலாம்” என்றானாம். “புத்தகத்தை அங்கன கொடுத்துட்டா காலேஜுல எதைக் காட்டுவே?” என்று அவள் அதைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டாள். ட்ரெயினிங் நாள் அப்படிப் போயிற்று.

கல்யாணத்துக்கு நானும் சுல்தான் பீவியும் போயிருந்தோம். கோயிலில் தாலி கட்டி, வீட்டில் சாப்பாடு. தங்கபுஷ்பத்தின் காதில் கிடந்தது தாலியாகியிருந்தது. மாப்பிள்ளை முகத்தில் மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. பிச்சைமணி வந்தார். புதுத் தலைக்கட்டின் பேரை எழுதி, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, முதல் வரியைப் பெற்றுக்கொண்டார். அந்தப் பணத்தை மகன் கையில் வைத்துக் கொடுக்கச் சொன்னபோது தங்கபுஷ்பம் பூரித்துப்போய் நின்றாள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் மருமகள் வந்த சந்தோஷம் என்று நினைத்திருப்பார்கள். அவள் கண்ணில் இருந்தது காலேஜ்.

ஆடி முதல் வாரம் உறவின்முறைக் கூட்டம். ஆடிக்குத் தாய்வீட்டுக்குக் கூப்பிடுகிற வழக்கப்படி ஆவுடையம்மாளைப் புளியங்குடிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். காலேஜில் அந்த வாரக் கடைசிவரை தவணை கொடுத்திருந்தார்கள். கூட்டத்துக்குள் பெண்களுக்கு இடமில்லை. நான் வேற்று ஜனம். அவளும் நானும் வாசல்படியோரம் நின்றோம். உள்ளே குத்தாலிங்கத்தைப் பார்த்ததும், “வாங்க, வாங்க” என்று நரைத்த தலைகள் நகர்ந்து இடம் விட்டன. நேற்றுவரை “ஏலே” என்று கூப்பிட்டவர்கள். தங்கபுஷ்பம் என் கையைத் தட்டி, “பாத்தீகளா அண்ணே” என்றாள்.

அவன் பேரைப் பிச்சைமணி வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசல் பக்கம் திரும்பித்தான் பேசினார்.

“அம்மாடி, இதுல ஒரு சங்கடம் இருக்கு. வரி கட்டுதவுக பிள்ளைகளுக்குன்னுதான் விதி. உன் மவன் இப்ப வரி கட்டுதவரு. அவரு பிள்ளைக்கு உபகாரச் சம்பளம் உண்டு. தாராளமா உண்டு.”

“அவனுக்கு, அண்ணாச்சி?”

“அவருக்கு எப்படிம்மா? அவரு உன் வீட்டுக்காரர் பிள்ளை. அந்தத் தலைக்கட்டு அந்த மனுசன் போன அன்னைக்கே கழிஞ்சு போச்சே.”

அவள் வாசல்படிக்குள் தலையை நீட்டினாள். “தலைக்கட்டு ஆனாப் பாப்போம்னு நீங்கதானே சொன்னீக?”

“சொன்னேன். அதான் கூட்டத்துல வச்சுப் பாத்தாச்சு. நான் குறுக்க நிக்கல தாயி. விதி அப்படி இருக்கு.”

அவள் வாசல்படியைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். ஒரு பெண் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். “அப்ப அவன் பேரை அடிச்சிருங்க. அவன் தலைக்கட்டே இல்லை. எம் பிள்ளைதான். சின்னப் பிள்ளை. அடிச்சிட்டு வேற ஏதாவது வழி பண்ணுங்க” என்றாள்.

“தலைக்கட்டை அடிக்கணும்னா ஆளு சாகணும். பெத்தவ வாயால அப்படிச் சொல்லலாமா?” என்றார் பிச்சைமணி.

தங்கபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓரத்திலிருந்து ஒருவர், இவருக்கு விதியை மாற்றினால் ஊரில் உள்ள புதுமாப்பிள்ளை எல்லாம் காலேஜுக்குக் கேட்டு வந்துவிடுவான் என்றார். நாலு பேர் சிரித்தார்கள். குத்தாலிங்கம் எழுந்து வந்து, “வாம்மா, வீட்டுக்குப் போவோம்” என்று அவள் தோளைப் பிடித்தான். அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் ட்ரெயினிங் பள்ளிக்கு ஓடினாள். நானும் கூடப் போனேன், தனியாக விட பயமாக இருந்தது. அந்த இடத்துக்கு அடுத்தவனைக் கூப்பிட்டுச் சேர்த்தாகிவிட்டது. தலைமையாசிரியர் காலில் விழுந்தாள். அவர் பதறிப்போய், “அடுத்த வருஷம் போடச் சொல்லுங்கம்மா” என்றார். அங்கிருந்து புளியங்குடி. தம்பி அய்யாக்குட்டி கல்யாணத்துக்குச் செலவழித்துக் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். நான் கடையநல்லூரில் எங்கள் ஜமாத்தில் இரண்டு பெரியவர்களைப் பார்த்தேன். “நம்ம பிள்ளைகளுக்கே காணலையே” என்றார்கள். அவரவர் உபகாரத்துக்கு அவரவர் வேலி. வேலிக்கு வெளியே நிற்கிறவன் எவ்வளவு நன்றாகக் கணக்குப் போட்டால்தான் என்ன?

காலேஜுத் தவணை முடிந்த சனிக்கிழமை நல்ல சாரல். கூட்டம் நெருக்கியது. அவள் கொட்டகையைத் திறக்கவில்லை. போய்ப் பார்த்தேன். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள்.

“எம் பிள்ளையை நானே கெடுத்துட்டேன் அண்ணே. சும்மா இருந்திருந்தா வாத்தியாராவது ஆயிருப்பான்.”

இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொல்ல நாக்கு வருமா? “எழுந்து கஞ்சி குடி” என்று மட்டும் சொன்னேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பிச்சைமணி கடை அரிசி மூட்டைகளைக் கிழித்துத் தெருவில் கொட்டலாம் போலிருந்தது. ஆனால் அவர் தப்புத்தான் என்ன? அதுதான் இன்னும் ஆத்திரம்.

அடுத்த வருஷம் ஆவுடையம்மாள் கைக்குழந்தையோடு இருந்தாள். ட்ரெயினிங்கில் சர்க்கார் கொடுக்கிற பணம் ஒரு வயிற்றுக்குத்தான் காணும். குத்தாலிங்கம் விண்ணப்பம் போடவில்லை. சீசனில் அம்மாவோடு கொட்டகை, மற்ற நாளில் பிச்சைமணியின் அரிசிக் கடையிலேயே எடை போடுகிற வேலை. அவர்தான் கூப்பிட்டுக் கொடுத்தார், அதுவும் உபகாரம்தான். குழந்தை பெண். வரி வாங்க வந்தவர்கள், அடுத்தது ஆண்பிள்ளையாகப் பிறக்கட்டும், காலேஜுக்கு நாங்கள் இருக்கிறோம் என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். தங்கபுஷ்பம் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அதற்குப் பிறகு வழுக்கைத் தலைகளைக் கேலி செய்வதை விட்டுவிட்டாள். எண்ணெய் ஊற்றுவாள், காசு வாங்குவாள், அவ்வளவுதான். குத்தாலிங்கமும் தாள் ஓரத்தில் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டான். அம்மாவை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவன் ஏசித் தொலைத்திருந்தால் அவள் தேறியிருப்பாள் என்று எனக்குத் தோன்றும்.

அறுபத்துநாலில் என்று நினைக்கிறேன், நல்ல சீசன். காலேஜில் படிக்கிற பையன் ஒருவன் கூட்டாளிகளோடு வந்தான். தேறாமல் போய் செப்டம்பரில் மறுபடி பரீட்சை எழுதப் போகிறவனாம், கையில் ஒரு தடித்த கணக்குப் புத்தகம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு, சட்டையையும் புத்தகத்தையும் குத்தாலிங்கத்திடம் கொடுத்துவிட்டு அருவிக்குப் போனான்.

குத்தாலிங்கம் புத்தகத்தைத் துண்டால் துடைத்தான். சாரல் படாமல் மடியில் வைத்தான். பிறகு திறந்தான். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். கொஞ்ச நேரத்தில் சீயக்காய் மடிக்கிற தாள் ஒன்றை எடுத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் என்னமோ போட ஆரம்பித்துவிட்டான். எண்ணெய்க்கு ஆட்கள் நின்று கூப்பிட்டார்கள். அவனுக்குக் காது கேட்கவில்லை. தங்கபுஷ்பம் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அவன் வேலையையும் சேர்த்துத் தானே செய்தாள்.

அந்தப் பையன் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வருவது எனக்குத் தெரிந்தது. அவளும் பார்த்துவிட்டாள். கொட்டகையை விட்டு இறங்கி, பாதையிலேயே அவனை மறித்தாள்.

“தம்பி, தலையில எண்ணெய் போகவே இல்லையே. இப்படியே போனா சளி பிடிச்சிரும். இன்னும் கொஞ்ச நேரம் நின்னுட்டு வாங்க” என்றாள். அவன் தலையில் ஒரு துளி எண்ணெய் இல்லை, நான் பார்த்தேன். கையிலிருந்த சீயக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்து அவன் உள்ளங்கை நிறையக் கொட்டினாள்.

“எவ்வளவும்மா?” என்றான் அவன்.

“காசு வேண்டாம். மெதுவா வாங்க ராசா. ரொம்ப மெதுவா வாங்க” என்றாள் தங்கபுஷ்பம்.